வெயில் பட்டால் பாதரசம் என்ன ஆகும்? சுறாப் புட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குழந்தை பெற்றவர்களுக்குப் பால் நல்லா சுரக்கட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். அதே சுறாவை, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் வைத்திருக்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். காரணம், மெத்தில் மெர்க்குரி.

பழைய தெர்மாமீட்டரில் பார்த்த பாதரசம் அல்ல இது. அதைத் தவறி விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் (அதன் ஆவிதான் ஆபத்து). மெத்தில் மெர்க்குரியோ, சாப்பிட்டதில் 90 சதவீதத்துக்கு மேல் உடலில் சேரும். நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் மூளைக்கும் போகும்.

சரி, பாதரசம் எப்படி இப்படி மாறுது?

நிலக்கரி எரியும்போது காற்றில் கலக்கும் பாதரசம், மழையோடு ஏரியிலும் கடலிலும் இறங்குகிறது. அதன் மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டவைப்பதில் முதலிடம், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்களுக்கு. அவற்றின் எந்த இரண்டு ஜீன்கள் இதைச் செய்கின்றன என்பதே 2013இல்தான் தெரிந்தது.

ஆனா பாக்டீரியா இல்லாமலும் இது நடக்கும். இலைதழை மட்கிய நீரில், டீ டிகாஷன் மாதிரி, ஏராளமான கரிமச் சேர்மங்கள் கரைந்திருக்கும். வெயில் பட்டதும் சிலவற்றிலிருந்து மெத்தில் துண்டு உடைந்து, பக்கத்தில் இருக்கும் பாதரச அயனியோடு ஒட்டிக்கொள்ளும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை வைத்தே ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கனடா ஏரி நீரிலும் வெயிலால் மெத்தில் மெர்க்குரி கூடுவதை 2005இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு கூடும் என்பது, கரைந்திருக்கும் கரிமப் பொருளின் அளவையும் அதன் மூலக்கூறுகளின் சைஸையும் பொறுத்தது.

இதில் ஒரு ட்விஸ்ட். அதே வெயில் மெத்தில் மெர்க்குரியை உடைக்கவும் செய்யும். இதையும் 1996இல் கனடா ஏரியில்தான் கண்டார்கள். வெளிச்சம் நன்றாக இறங்கும் தெளிந்த நீரில் பெரும்பாலும் உடைப்பதுதான் ஜெயிக்கிறது. கலங்கல் நீரில் வெளிச்சம் மேலேயே நின்றுவிடும். கடலிலோ, மெத்தில் மெர்க்குரி அதிகம் இருப்பதே வெயில் எட்டாத நடு ஆழங்களில். ஆக, வெயில் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும் என்று நம்பி உட்கார முடியாது.

உடையாமல் தப்பியது நுண்பாசிக்குள் போய், சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. பல ஆண்டுகள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறாவில் எக்கச்சக்கமாகச் சேரும். தசைப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

அதுக்காக மீனையே விட வேண்டாம். மத்தியிலும் நெத்திலியிலும் இது மிகக் குறைவு.