கடற்பாலத்தின் இரு கரைகளிலும் தராசு

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளமே உடையதாயினும், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், அச்சிறு தூரத்தில் ஒரு நீதிமுறையை நீங்கி மற்றொன்றினுள் பிரவேசிக்கின்றனர்.

மலேசியாவில் 15 கிராம் ஹெராயின் வைத்திருப்பவர் அதைக் கடத்துபவராகவே அனுமானிக்கப்படுகிறார். மாறாக நிரூபிக்கும் பாரம் அவரையே சாரும். குற்றம் உறுதியாயின் தூக்கு என்றிருந்த கட்டாயத்தை, 2023 ஜூலை 4 அன்று அமலுக்கு வந்த சட்டம் நீக்கியது. தூக்கா, ஆயுள் சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதியே விவேகத்தோடு நிர்ணயிக்கலாம். ஆனால் மரண தண்டனை ஒழிந்துவிடவில்லை.

அக்கரையிலோ, 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினைக் கடத்தியவருக்குத் தூக்கே விதி. வெறும் சுமப்பவராக இருந்து, புலனாய்வுக்குக் கணிசமாக உதவியதாக அரசு வழக்கறிஞரின் சான்று பெற்றவருக்கும், மனநிலைப் பாதிப்பால் பொறுப்புக் குறைந்ததாக நிரூபிக்கும் சுமப்பவருக்குமே விலக்குண்டு. 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராமோடு பிடிபட்ட நாகேந்திரன் தர்மலிங்கத்தின் அறிவாற்றல் ஈவு 69 என மதிப்பிடப்பட்டிருந்தும், அவர் அறிந்தே செய்தார் என நீதிமன்றங்கள் தீர்மானித்தன; 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதே சாவடியில் 2014இல் 51.84 கிராமோடு பிடிபட்ட பன்னீர் செல்வம் பிராந்தாமனுக்கு 2025 அக்டோபர் 8 அன்று அதே முடிவு நேர்ந்தது.

போதைப்பொருள் குடும்பங்களை நாசமாக்குவது சத்தியமே. எனினும், தராசில் தூளை மட்டும் நிறுத்து, அதைச் சுமந்தவனின் வறுமையையும் புத்தியையும் நிறுக்காத தீர்ப்பு, சட்டப்படி சரியாயினும் தர்மத்தின்படி பூரணமாகாது. பிழை நேரின் போன பிராணனைத் திருப்பித் தரவும் இயலாது.

ஆகவே, எத்தனை நெருங்கிய நண்பர் தந்தாலும், உள்ளே என்னவென்று அறியாத பொட்டலத்தையோ பையையோ சுமக்கலாகாது. இரவல் வண்டியைச் சோதிக்காமல் எல்லை தாண்டலாகாது. ஜொகூரில் கைதானால், காரணத்தை அறியவும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. வழக்கறிஞருக்குப் பொருளில்லாதார் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையை அணுகலாம். மேல்முறையீடுகள் தோற்றபின்னும், ஜொகூரில் நிகழ்ந்த குற்றத்துக்கு ஜொகூர் சுல்தானிடம் 42ஆம் பிரிவின்படி கருணை மனுச் செய்ய இடமுண்டு. அக்கரைக் குற்றத்துக்கு அம்மனு சிங்கப்பூர் அதிபரிடமே செல்லவேண்டும். அங்கே நம் சுல்தானின் கருணைக்கு அதிகாரமில்லை.