படியாத முடி

ஓரடி உயரப் பொம்மையின் தலையில் நட்டிருக்கும் முடியைப் படிய வாரிப் பாருங்கள். சீப்பு போகிற வரை அடங்கியிருக்கும். சீப்பை எடுத்த மறுநொடி பம்மென்று எழும்பி நிற்கும். தண்ணீர் தொட்டு வாரினால் காயும் வரை படியும், அவ்வளவுதான். ஆசையாக விலை கொடுத்து வாங்கியவர்கள் இதற்குத் தயாரிப்பாளரைத் திட்டுவது வழக்கம். பாதித் திட்டு நியாயம். மீதிப் பாதி புவியீர்ப்புக்குப் போய்ச் சேர வேண்டியது.

ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்பவர்களிடம் செல்வாக்கான அளவு ஆறில் ஒரு பங்கு. ஆறடி ஆள் ஓரடியாகச் சுருங்கி நிற்பான். சினிமாப் பாத்திரத்தின் முகச்சுருக்கம், தழும்பு, சட்டைத் தையல் எல்லாம் அசலைப் போலவே இருக்கும். காட்டிக்கொடுப்பது முடிதான். அதனால் பெரும்பாலான பொம்மைகளுக்கு முடியை முகத்தோடு சேர்த்தே பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே வண்ணம் பூசிவிடுகிறார்கள். சீனாவின் குயின் ஸ்டுடியோஸ், தன் இன்ஆர்ட் வரிசையில் ‘தி டார்க் நைட்’ ஜோக்கரை இரண்டு விதமாகவும் செய்தது: வார்த்த முடியோடு ஒன்று, நட்ட முடியோடு ஒன்று. பச்சைச் சாயம் பாதி வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும் அந்தத் தலைக்கு நட்ட முடியே பொருத்தம் என்பது என் கட்சி. வார்த்த முடி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் வெளிச்சம் அதன் ஊடே புகுந்து வராது.

முடி நடுவதற்கு ஏற்ற தலை மென்மையான வினைல். திரவ வினைலை உலோக அச்சில் ஊற்றி, சூடாக்கிச் சுழற்றினால் அச்சின் உட்சுவரில் தோல் போலப் படிந்து உள்ளே வெற்றிடம் உள்ள தலை கிடைக்கும். சூடு ஆறுமுன் கழுத்துத் துளை வழியே அதைப் பிதுக்கி இழுத்துவிடலாம். மலிவான பொம்மைக்குத் தையல் இயந்திரம் போன்ற ஒன்று கொத்துக் கொத்தாக முடியைக் குத்தி இறக்குகிறது. முன்நெற்றியில் ஒரு வரிசை, வகிட்டில் ஒரு வரிசை, நடுவில் பெரும்பாலும் வெற்றிடம். முடியைத் தூக்கிப் பார்த்தால் நாற்று நட்ட வயல் தெரியும். விலை கூடிய தலைகளில் ஊசியால் கையாலேயே நடுகிறார்கள். லண்டன் மேடம் துசாட்ஸ் மெழுகுச் சிலைகளுக்கு இழை இழையாக முடி குத்துவதும் இதே வழிதான். ஒரு தலைக்கே வாரக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டு நட்ட முடி ஏன் படிய மறுக்கிறது? இதற்கு விடை, குதிரைவால் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், பேட்ரிக் வாரன், ராபின் பால் என்னும் மூன்று இயற்பியலாளர்கள், தலைமுடியைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த வால் ஏன் அந்த வடிவம் எடுக்கிறது என்று கணக்குப் போட்டு 2012-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்கும், அதற்கு முன்பே ஆடும் குதிரைவாலை ஆராய்ந்த ஜோசப் கெல்லருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஒவ்வொரு முடியிலும் இரண்டு சக்திகள் மல்லுக்கட்டுகின்றன. முடியின் விறைப்பு அதை நேராக நீட்டப் பார்க்கிறது. எடை அதைக் கீழே வளைக்கப் பார்க்கிறது. மனித முடியில் எடையின் கை ஓங்கத் தொடங்குவது ஏறக்குறைய 5 செ.மீ. நீளத்தில். வாலின் மொத்த நீளத்தை இந்த 5 செ.மீட்டரால் வகுத்தால் வரும் எண்ணுக்கு, கதையில் வரும் நீள்கூந்தல் பெண்ணின் பெயரால் ரபுன்சல் எண் என்று பெயர் வைத்தார்கள். 25 செ.மீ. கூந்தலுக்கு அது 5. எண் ஒன்றுக்கும் கீழே போனால் விறைப்பின் ராஜ்யம். முடி தொங்காது, நீட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது பொம்மைக்கு வாருங்கள். 25 செ.மீ. கூந்தல் ஆறில் ஒன்றாகச் சுருங்கினால் 4 செ.மீ. சொச்சம். ஆனால் நடப்படும் நைலான் இழையின் பருமன் பெரும்பாலும் நம் முடி அளவேதான். அப்படியானால் எண் ஒன்றுக்கும் கீழே. நம் தலையில் மொட்டை போட்டு மூன்று மாதம் கழித்து முளைத்து நிற்குமே, அந்த நிலைதான் அந்தப் பொம்மையின் தோள்வரை தொங்கவேண்டிய கூந்தலுக்கு.

சரி, இழையையும் ஆறு மடங்கு மெலிதாக்கினால்? மனித முடி சுமார் 70 மைக்ரான் என்று கொண்டால் பொம்மைக்கு 12 மைக்ரான் இழை வேண்டும். பட்டு இழை ஏறத்தாழ அந்தப் பருமன்தான். ஆனால் அதுவும் போதாது என்கிறது கணக்கு. இழையின் பருமன் பாதியானால் எடை நாலில் ஒன்றாகிறது, விறைப்போ பதினாறில் ஒன்றாகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. பொம்மையின் கூந்தல் நம் கூந்தல் போலவே விழ வேண்டுமானால், இழை ஆறு மடங்கல்ல, கிட்டத்தட்ட பதினைந்து மடங்கு மெலிய வேண்டும். அதாவது 5 மைக்ரான், சிலந்தி இழைக்கு நெருக்கம். அளவை மாற்றினால் பொருளின் குணமே மாறும் என்று கலிலியோ 1638-ல் எலும்புகளை வைத்து எழுதியதன் முடி வடிவம் இது.

எண்ணிக்கையும் ஒத்துழைப்பதில்லை. மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. பொம்மைத் தலையின் பரப்பு 36-ல் ஒரு பங்கு. நம் பருமனுள்ள இழையை நம் தலையின் நெருக்கத்திலேயே நட்டாலும் 2,800 இழைதான் கொள்ளும். அதற்கு மேல் நட்டால் புதர். குறைத்தால் சொட்டை.

குட்டை முடிதான் இதில் படுசிக்கல். 1961-ல் வந்த முதல் கென் பொம்மைக்கு, துகள் போன்ற இழைகளைத் தலையில் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் பட்டதும் உதிர்ந்தது. அடுத்த ஆண்டே மேட்டல் நிறுவனம் வார்த்த பிளாஸ்டிக் முடிக்கு மாறியது. பிறகு இங்கிலாந்தின் பாலிடாய் நிறுவனம் 1970-ல் ‘ஆக்‌ஷன் மேன்’ பொம்மைக்கு இதைச் சரியாகச் செய்துகாட்டியது. பசை தடவிய தலையின்மேல் மின்னூட்டிய நுண்ணிழைகளைத் தூவினால் அவை குத்திட்டு நிற்கும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதே ஆண்டு தன் ஜி.ஐ. ஜோவுக்கும் அதை எடுத்துக்கொண்டது. கிராப்பு வெட்டிய ராணுவ வீரனின் முடி எப்படியும் குத்திட்டு நிற்கவேண்டியதுதானே! எதிர்த்துப் போராடாமல் இயற்பியலோடு சமரசம் செய்துகொண்ட புத்திசாலித்தனம் அது.

நீள முடிக்கு அந்தச் சமரசம் ஆகாது. அங்கே இழை எதனால் ஆனது என்பதுதான் எல்லாம். 1959-ல் வந்த முதல் பார்பியின் குதிரைவால் சரான். 1933-ல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரால்ஃப் வைலி என்ற இளைஞர், எப்படித் தேய்த்தாலும் போகாத கறை படிந்த கண்ணாடிக் குடுவையோடு மல்லாடியபோது கண்ணில் பட்ட பிளாஸ்டிக் அது. பின்னாளில் உணவைச் சுற்றிவைக்கும் மெல்லிய தாளாகவும் புகழ்பெற்றது. நைலானின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு 1.14 கிராம், சரானுக்கு ஏறக்குறைய 1.7. கனமும் அதிகம், விறைப்பும் குறைவு. பழைய பொம்மைகளின் கூந்தல் கனத்து வழவழவென்று விழுவதன் ரகசியம் இதுதான். ஜப்பானின் கானெகலான் லேசானது, உப்பிக்கொள்ளும்; சுருள் முடிக்கு அருமை. மலிவுப் பொம்மைகளின் பாலிப்ரொப்பிலீன் எல்லாவற்றிலும் கடைசி. அடர்த்தி 0.9தான். விலை உயர்ந்த ஆண் உருவங்களுக்குப் பலர் ஆட்டு ரோமத்தையே நாடுகிறார்கள். மெரினோ ரோமம் 20 மைக்ரானுக்குள் கிடைக்கிறது. ரபுன்சல் எண் இரண்டைத் தொட்டுவிடும்.

எடை கைவிட்ட இடத்தில் சூடும் நீரும் கைகொடுக்கின்றன. நைலானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. உலர்ந்த நைலான் சுமார் 50 டிகிரியில் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஈரமாக இருந்தால் இன்னும் கீழேயே தளரும். தளர்ந்த நிலையில் என்ன வடிவத்தில் பிடித்துவைக்கிறோமோ, ஆறிக் காய்ந்த பிறகு அதுவே அதன் இயல்பு.

கைதேர்ந்தவர்கள் செய்வது இதுதான். தலையைக் கழுத்து முளையிலிருந்து கழற்றிவிடுகிறார்கள். உடலுக்குள் தண்ணீர் போனால் மூட்டுத் திருகுகள் துருப்பிடிக்கும். முடியை நனைத்து, பற்கள் நெருங்கிய பேன்சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறார்கள். வேண்டிய பக்கம் படிய வாரி, மெல்லிய துணிநாடாவால் தலையோடு ஒட்டக் கட்டி, கொதி தணிந்த வெந்நீரை மெதுவாக ஊற்றுகிறார்கள். உடனே குளிர்ந்த நீர். பிறகு ஒரு முழு நாள் அவிழ்க்காமல் காயவிடுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு முடியாத வேலை. சுருள் வேண்டுமென்றால் கற்றை கற்றையாக உறிஞ்சுகுழலில் சுற்றிக் கட்டி இதையே செய்ய வேண்டும். முடியை நேராக்கும் மின் இடுக்கியை மட்டும் கிட்டக் கொண்டுவர வேண்டாம். சரானும் பாலிப்ரொப்பிலீனும் 160, 170 டிகிரியில் உருகுபவை. அந்த இடுக்கி அதைத் தாண்டிப் போகும்.

நனைந்த முடி கற்றைகளாகச் சேர்ந்துகொள்வதும் இந்த அளவில் பெரிய விஷயம். நீரின் பரப்பு இழுவிசை பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அதனால்தான் ஜோக்கர் போன்ற பிசுக்குத் தலை பொம்மையில் எளிதாக அமைகிறது, ஷாம்பு போட்டு அலைபாயும் கூந்தல் அமைவதில்லை.

வண்ணம் வேறு கதை. நம் தலைக்கு அடிக்கும் டை பொம்மைத் தலையில் ஏறவே ஏறாது. முடியின் செதில்களை விரியவைத்து உள்ளே புகுந்து நிறமாக மாறுவது அதன் வேலை; பிளாஸ்டிக்கில் விரிவதற்குச் செதில் இல்லை. வெளுக்கவைப்பதும் நடக்காது. தொழிற்சாலையில் உருகிய நிலையிலேயே நிறமியைக் கலந்து இழுத்த நூல் அது. கறுப்பைப் பொன்னிறமாக்க ஒரே வழி பழைய முடியைப் பிடுங்கிவிட்டு வேறு நடுவது. வெளிர் முடியைக் கருக்கலாம், அதுவும் இழைக்கு ஏற்ற சாயம் கிடைத்தால்.

நைலானில் அமீன் முனைகள் உண்டு. சாயநீரில் வினிகர் விட்டால் அந்த முனைகள் நேர்மின்னூட்டம் பெறும். எதிர்மின்னூட்டமுள்ள அமிலச் சாயம் வந்து ஒட்டிக்கொள்ளும். கம்பளி, ஆட்டு ரோமம் இரண்டுக்கும் இதே வழி. புரதமாக இருப்பதால் ரோமத்தில் மருதாணிகூடப் பிடிக்கும். மருதாணியின் நிறப்பொருளான லாசோன், ரோமத்தின் புரதமான கெரட்டினோடு சேர்வது. சரானில் இந்த முனைகள் கிடையாது. பாலியெஸ்டர் துணிக்கான ‘டிஸ்பர்ஸ்’ சாயத்தைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு இறங்கும். பாலிப்ரொப்பிலீன் எதற்கும் மசியாது.

டிஸ்பர்ஸ் சாயத்தில் ஓர் ஆபத்து. தலையின் வினைல் மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் மென்மையூட்டி எண்ணெய். அந்த எண்ணெய் சாயத்தையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். முடி கறுக்குமுன் நெற்றி கறுத்துவிடும், பிறகு துடைத்தெடுக்க முடியாது. கறுப்பு, சிவப்பு உடைகள் பொம்மை உடலில் கறை விடுவதும் இதனால்தான். உடைக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே தலையைக் கையில் பிடித்து முடியை மட்டும் முக்குவார்கள், வேரருகே வண்ணத்தைத் தூரிகையால் முடிப்பார்கள்.

உங்களிடம் இருக்கும் பொம்மையில் கை வைக்குமுன், பிடரியின் உள்பக்கத்திலிருந்து இரண்டு இழையைக் கத்தரித்து, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் பாலிப்ரொப்பிலீன். வெந்நீரும் வேண்டாம், சாயமும் வேண்டாம், வாரி அப்படியே வைத்துவிடுங்கள். மூழ்கினால் அதே இழைகளை வினிகர் விட்ட சாயநீரில் போட்டுப் பாருங்கள், பிடித்தால் தைரியமாக இறங்கலாம். சாயம் கொதித்த பாத்திரத்தை மட்டும் மறுபடி சமையலறைக்குத் திருப்பாதீர்கள்.