கைப்பெல்ட் ஸாண்டர்: உபயோகமும் பராமரிப்பும்

கதவு, நிலை, பத்தாயம், வண்டிப்பலகை முதலியவற்றைத் தேய்த்துப் புதுப்பிப்பதற்காக விவசாயிகள் சிலர் பெல்ட் ஸாண்டர் என்னும் மின்சார யந்திரத்தை வாங்கி உபயோகிக்கின்றனர். கையில் எடுத்துச் செல்லத்தக்க இவ்வகை யந்திரம் 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டு உருளைகளின்மேல் உப்புத்தாள் பட்டையொன்று ஓயாமல் சுழல்வதே இதன் அமைப்பு. பின்னுருளையை மோட்டார் சுழற்றும். முன்னுருளை ஸ்பிரிங்கின் விசையால் பட்டையை இறுகப் பிடித்திருக்கும். ஆசாரி வெகுநேரம் தேய்க்க வேண்டிய பலகையை இது விரைவில் தேய்த்துவிடும். பழக்கமற்றவர் கையில் அதே விரைவில் பலகையைக் குழியாக்கியும் விடும்.

குழி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்துவதேயாகும். யந்திரத்தின் சொந்தப் பளுவே போதுமானது. கைகள் அதனை நடத்திச் செல்ல வேண்டுமேயன்றி அமுக்கலாகாது. பட்டை முழு வேகம் அடைந்த பிறகே யந்திரத்தைப் பலகையின்மேல் மெதுவாக இறக்கி, உடனே நகர்த்தத் தொடங்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தூக்கிவிட்டுப் பிறகே ஸ்விச்சை விட வேண்டும். ரேகையின் போக்கிலேயே தேய்ப்பது நலம். முரட்டுப் பலகைக்கு முதலில் 60-ஆம் நம்பர் பட்டையும், பின்பு 80, 120 நம்பர்களும் முறையே ஏற்றவை. எடுத்த எடுப்பில் 120-ஐப் போடுபவர் பட்டையையும் பொழுதையும் வீணாக்குகிறார். பலகையை இறுகப் பிணைத்து வைக்காவிடில், பட்டை அதனைப் பின்புறமாகத் தள்ளி எறியும்.

பட்டை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. பட்டையின் உட்புறத்து அம்புக்குறியும் யந்திரத்தின் அம்புக்குறியும் ஒரே திசையில் இருத்தல் அவசியம். மறுபடியும் பிளக்கைச் செருகுமுன், ஸ்விச்சு ஓடும் நிலையில் பூட்டிக் கிடக்கிறதாவென்று பார்க்க வேண்டும். அவ்வாறு கிடந்தால் யந்திரம் தானே ஓடி மேஜையினின்று பாய்ந்து விழும். ஓடும்போது பட்டை ஓரத்துக்கு நகருமாயின், பக்கத்திலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி நடுவே நிற்கச் செய்யலாம்.

மோட்டார் ஓடியும் பட்டை அசையாவிடில், உள்ளே விசையைக் கடத்தும் ரப்பர் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பலகையில் வைத்தவுடன் மாத்திரம் பட்டை நின்றால், பின்னுருளையின் ரப்பர் தேய்ந்திருத்தல் கூடும். அல்லது அழுத்தம் மிகுதி. மோட்டார் விட்டுவிட்டு ஓடி மிகுந்த பொறி பறந்தால், கார்பன் பிரஷ் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்து ஓட்டினால் மின்சாரத்தின் அழுத்தம் குறைந்து மோட்டார் சுடும். யந்திரத்தைப் பழிப்பதற்கு முன் கம்பியைப் பார்ப்பது நியாயம்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது தூசிப்பையே. மரத்தைத் தேய்த்த தூள் பையில் இருக்கும்போதே மண்வெட்டியின் துருவையும் தேய்ப்பது பலருக்கு வழக்கம். இரும்பின் பொறி பைக்குள் சென்று, வெளியே தெரியாமல் நெடுநேரம் கனிந்து, பிறகு தீயாக மூளும். அத்தகைய பையோடு யந்திரத்தை வைக்கோல் உள்ள கொட்டகையில் வைத்தால் நேரக்கூடியது சொல்லாமலே விளங்கும். பலகையில் அடித்த ஆணியும் இதே பொறியை எழுப்புமாதலால், ஆணிகளை முன்னரே பிடுங்கிவிட வேண்டும். இரும்பைத் தேய்க்குமுன் பையைக் கழற்றி, யந்திரத்தினுள் தங்கிய தூளையும் நீக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் பையை வெட்டவெளியில் காலி செய்வது முறை.

மரத்தூளைச் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகுமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1995-இல் வெளியிட்டுள்ளது. ஆகையால் தகுந்த முகமூடி அணிதல் வேண்டும். பள்ளிக்கூடம், சாவடி முதலிய பழைய கட்டடங்களின் கதவுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். அவற்றை இந்த யந்திரத்தால் தேய்த்தால் நஞ்சு காற்றில் பரவும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இது அறவே கூடாது.

பட்டைகளை மடித்து வைக்காமல், ஈரம் படாத இடத்தில் தடித்த மூங்கிற் கழியில் மாட்டி வைத்தால் ஒட்டு விடாமல் உழைக்கும்.