ஒசாகாவில் ஓர் ஆயிரம் யென் தாள்

ஜப்பானுக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள், என் தந்தையார் பழைய நாட்குறிப்பேடு ஒன்றைத் திறந்து, அதனுள் மடியாமல் வைத்திருந்த ஆயிரம் யென் தாளை எடுத்துக் கொடுத்தார். "ஒசாகாவில் செலவழிக்காமல் கொண்டுவந்தது இது ஒன்றுதான். நீ போய்ச் செலவழித்துவிட்டு வா" என்றார்.

1995ஆம் ஆண்டுக் கோடையில் எனக்கு வயது பத்து. தொழிற்பயிற்சிக்காக ஆறு மாதம் ஒசாகாவில் தங்கியிருந்த தந்தையார், பள்ளி விடுமுறையில் அம்மாவையும் என்னையும் ஒரு மாதத்திற்கு அங்கே அழைத்துக்கொண்டார். அந்த நாட்களில் என் மனத்தில் ஆழப் பதிந்தது உமேதா ஸ்கை கட்டடம். 1993இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நாற்பது மாடி இரட்டைக் கோபுரங்களை, 173 மீட்டர் உயரத்தில் ஒரு பார்வைத் தளம் இணைக்கிறது. வானில் தொங்குவது போன்ற நகரும் படிக்கட்டுகளில் ஏறி அங்கே செல்ல வேண்டும். தந்தையார் கட்டணப் பலகையை நெடுநேரம் பார்த்தார்; அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு, "இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறதே" என்று சொல்லித் திரும்பிவிட்டார். அன்று நான் அவருடன் பேசவில்லை.

2024 அக்டோபரில் மீண்டும் அதே இடத்தைத் தேடி ஒசாகா ரயில் நிலையத்தின் வடக்கு வாயிலில் இறங்கினேன். முன்பு அங்கே பெரியதொரு சரக்கு ரயில் முனையம் இருந்தது. அதன் அடியில் நீண்டு சென்ற தாழ்வான சுரங்கப்பாதை வழியாகவே கோபுரங்களை அடைய வேண்டும். அந்த முனையம் 2013இல் மூடப்பட்டது. இப்போது அவ்விடத்தில் புல்வெளியும் நீர்நிலையும் கொண்ட பூங்கா விரிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி நான் செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. சதுப்பு நிலத்தை நிரப்பி உருவான பகுதி என்பதால், 'நிரப்பப்பட்ட வயல்' என்ற பொருளில் அமைந்த பெயரே பின்னர் 'பிளம் மர வயல்' எனப் பொருள்தரும் உமேதா ஆயிற்று என்பர். அங்கே நிலம் வேடம் மாற்றிக்கொள்வது புதிதன்று.

தெற்கே சற்றுத் தொலைவு நடந்தால் தோஜிமா. நாடெங்குமிருந்து அரிசி வந்து குவிந்ததால் ஒசாகாவுக்கு 'நாட்டின் சமையலறை' என்ற பெயர் உண்டு. தோஜிமா அரிசிச் சந்தையில் பிற்காலத்தில் ஒப்படைக்கப்படும் அரிசிக்கு இன்றே விலை பேசும் வணிகத்தை 1730இல் ஷோகுன் அரசு முறைப்படி அனுமதித்தது. உலகின் முதல் முன்பேர வணிகச் சந்தையாகப் பலரும் இதனையே குறிப்பிடுகின்றனர். "வருமானம் எப்படி?" என்று கேட்பதே ஒசாகா வணிகரின் பழைய நலவிசாரிப்பு. "ஏதோ, சுமாராக" என்பது வழக்கமான மறுமொழி. பத்து வயதில் இவ்வூரில் நான் கண்டவை வண்ண விளக்குகள் மட்டுமே. கணக்குப் பார்ப்பது இவ்வூரின் இயல்பு என்பது இப்போதுதான் புலப்பட்டது.

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 1995 ஏப்ரலில் யென்னின் மதிப்பு வரலாறு காணாத உயரத்தில் இருந்தது. ஒரு டாலருக்கு 80 யென்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கோடையில் ஆயிரம் யென் என்பது ஏறத்தாழ 370 ரூபாய். மூவரும் கோபுரத்தில் ஏறியிருந்தால், ஊரில் எங்கள் ஒரு மாதப் பலசரக்குச் செலவை அது நெருங்கியிருக்கும். 2024 அக்டோபரில் அதே ஆயிரம் யென் ஏறத்தாழ 560 ரூபாய். இருபத்தொன்பது ஆண்டுகளில் அது உயர்ந்தது ஒன்றரை மடங்கு. நம் நாட்டில் ஊதியங்களோ பன்மடங்கு உயர்ந்துவிட்டன. நான் தயங்காமல் சீட்டு வாங்க முடிந்ததற்குக் காரணம் என் தாராள மனம் அன்று. அன்று நான் கஞ்சத்தனம் என்று நினைத்தது, கைக்குள் அடங்கிய தொகையில் மூவரை ஒரு மாதம் குறைவின்றி வாழவைத்த திறமை.

தந்தையார் தந்த தாளில் இருப்பது நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் உருவம். 1984இல் வெளியான வரிசை அது. அதன்பின் 2004இலும் 2024இலும் ஆயிரம் யென் தாளின் உருவம் மாறிவிட்டது. எனினும் பழைய தாள் இன்றும் செல்லுபடியாகும். தானியங்கி இயந்திரங்கள் ஏற்காமல் போகலாம் என்பதால், சீட்டு வழங்கும் பெண்மணியின் முன்னிருந்த சிறு தட்டில் அதையும், மீதித் தொகையையும் வைத்தேன். அங்கே பணத்தைக் கையில் கொடுப்பதைவிடத் தட்டில் வைப்பதே வழக்கம். அவர் தாளை இரு கைகளாலும் எடுத்து, ஒருகணம் பார்த்து, புன்னகைத்துப் பெட்டியில் சேர்த்தார்.

மேலே சூரியன் மறைந்துகொண்டிருந்தது. யோதோ ஆற்றின் பாலங்கள் ஒவ்வொன்றாக ஒளிபெற்றன. ஊரில் அப்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். கைப்பேசியில் தந்தையாரை அழைத்து, ஆற்றையும் நகரத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் என்ன விலைம்மா?" என்றார்.

சொன்னேன். திரையில் அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன.