விடியற்காலைத் தீர்ப்புகள்

வடசென்னை வழக்குகள் – 9

நீதிமன்றத்துக்குப் போகாமல் கணக்குத் தீர்க்கும் வழக்கம் வடசென்னையில் ரவுடிகள், போலீஸ் என இரண்டு தரப்பிலும் உண்டு. துறைமுகம், காசிமேடு, எண்ணூர்–மணலி ஆலைகள் என்று பணம் புரளும் இடங்களைச் சுற்றி வளர்ந்த கும்பல்கள் பழைய இரும்புக்கும் மாமூலுக்கும் மோதிக்கொள்ளும். ஒரு கொலைக்கு இன்னொரு கொலை பதிலாகும். போலீஸ் தரப்பில் இதன் மிதமான வடிவம் மாவுக்கட்டு. பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததாகப் படம் வெளியாகும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கடுமையான வடிவம் என்கவுன்ட்டர்.

2024 ஜூலை 5 மாலை, பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவரும் வழக்கறிஞருமான ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். வந்தவர்களில் சிலர் உணவு டெலிவரி ஊழியர்களின் உடையில் இருந்தனர். சில மணி நேரத்தில் எட்டுப் பேர் போலீஸ் பிடியில் இருந்தனர். 2023 ஆகஸ்டில் பட்டினப்பாக்கத்தில் கொல்லப்பட்ட ஒரு ரவுடிக்காகப் பழிவாங்கியதாகப் போலீஸ் சொன்னது. கட்சி ஏற்கவில்லை. சென்னை வந்த மாயாவதி, உண்மையான குற்றவாளிகள் பிடிபடவில்லை என்று கூறி சி.பி.ஐ. விசாரணை கேட்டார்.

ஜூலை 8-இல் நகரின் புதிய போலீஸ் கமிஷனராக அருண் பொறுப்பேற்றார். ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பேசுவோம் என்றார். ஜூலை 14 விடியற்காலை, பிடிபட்டவர்களில் ஒருவர் மாதவரம் பக்கம் சுடப்பட்டு இறந்தார். பதுக்கிய ஆயுதத்தை எடுக்க அழைத்துச் சென்றபோது தாக்கினார், தற்காப்புக்குச் சுட்டோம் என்பது போலீஸின் விளக்கம். செப்டம்பரில் வியாசர்பாடியிலும் நீலாங்கரைப் பக்கமும் மேலும் இரண்டு ரவுடிகள் இதே போல விடியற்காலையில் இறந்தனர். அவர்களுக்கும் ஆம்ஸ்ட்ராங் கொலைக்கும் தொடர்பில்லை என்று போலீஸே தெரிவித்தது.

ஆயுதம் எடுக்கப் போவதில் சட்டக் காரணம் இருக்கிறது. போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே கைதியை அழைத்துப் போவது தேவைதான். சுற்றிலும் காவலர்கள் நிற்கும்போது அவர் கைக்குத் துப்பாக்கி எப்படி எட்டுகிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி.

அதைக் கேட்கவே 2014-இல் மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனின் குழுவோ புலனாய்வு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ வீர விருதோ கூடாது. பதவி உயர்வு, விருது பற்றிய நெறிமுறையை எழுத வேண்டி வந்ததே அதுவரை இருந்த நடைமுறையைக் காட்டிக்கொடுக்கிறது.

நெறிமுறைகள் வந்த பிறகும், 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரின் பாலியல் வன்கொலையில் கைதான நான்கு பேர் இப்படியே சுடப்பட்டனர். மக்கள் போலீஸார் மீது பூத்தூவினர். 2022-இல், இதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூன்று பேர் சிறுவர்கள் என்றும் அறிக்கை தந்தது. மருத்துவரைக் கொன்றது அந்த நால்வர்தானா என்பதை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை.

பெரம்பூர் வழக்கில் இந்த இழப்பு இன்னும் நுட்பமானது. கூலிக்கு வெட்டியவரை விடவும் ஏவியவரும் பணம் கொடுத்தவரும் முக்கியமான இப்படிப்பட்ட சதி வழக்கில், உள்ளிருந்த ஒருவர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறினால்தான் மேலே இருப்பவர் வரை கயிறு நீளும். சுடப்பட்டவர் அப்படி மாறியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. மாறும் வாய்ப்பு மட்டும் ஜூலை 14-ஓடு முடிந்தது. இறந்தவர் மீதான வழக்கு சட்டப்படி அற்றுப்போகும். 2024 அக்டோபரில் 30 பேரைச் சேர்த்துக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. விசாரணையில் மற்ற எதிரிகளின் வக்கீல்கள், திட்டம் போட்டதும் ஆயுதம் தந்ததும் இறந்துபோனவர்தான் என்று வாதிட்டால், அதை மறுத்துச் சொல்ல அவர் கூண்டில் இருக்க மாட்டார்.