புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வீட்டு வேலை

ஈப்போவில் ஒருவர் ஸ்வெட்டர் வாங்கினால் கேமரன் மலைக்குப் போகிறார் என்று அர்த்தம். இங்கே பனியும் இல்லை, கணப்பும் இல்லை. ஆனாலும் ஐரோப்பாவில் ஜனங்கள் ஜன்னல் இடுக்குகளை அடைத்து, விறகு அடுக்கிக் குளிருக்குத் தயாராகிற அதே வாரங்களில் எங்கள் வீட்டிலும் ஏணி வெளியே வரும். கூரைமேல் ஏறுவது என் மகன். கீழே நின்று அதட்டுவது நான். புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஐப்பசி பிறந்தால் வானம் யார் பேச்சையும் கேட்காது.

வடகிழக்குப் பருவமழை என்றாலே கிளந்தான், திரங்கானு என்றுதான் செய்தியில் காட்டுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே அடிக்கிற மழையில் பாதியைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், மலைக்கு மேற்கே இருக்கும் பேராக்காரர்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். எங்களுக்கான மழை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஒரு பருவக்காற்று ஓய்ந்து இன்னொன்று தொடங்காத அக்டோபர் வாக்கில், மதிய வெயிலில் கொதித்த காற்று மேலே எழும்பி, மூன்று நான்கு மணிக்கு மேகமாகத் திரண்டு, இடியோடு கொட்டும். ஈப்போவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. அக்டோபரில் மட்டும் 300-ஐ ஒட்டி வரும். அது மாதம் முழுக்கத் தூறலாக வந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. சில சாயங்காலங்களில், ஒரு மணி நேரத்தில் மொத்தமாக இறங்குவதால்தான் சிக்கல். எவ்வளவு பெய்தது என்பதைவிட, பெய்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வாசலைத் தாண்டிப் போகிறது என்பதே வீட்டுக்கு முக்கியம்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தில் வரிசையாக இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே தகரக் கூரை, ஒரே கால்வாய். கூரை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, அதாவது ஒழுகும். தாரில் முக்கிய சாக்குத் துண்டை ஓட்டையில் அப்பிவிட்டு, மிச்சத்துக்குப் பாத்திரம் வைப்போம். மழைக்கு முன்னால் அம்மாவின் கவனமெல்லாம் அடுக்களையில்தான். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மழை என்றால் கூலி குறைகிற நாள். விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டில் இறங்கி, பால் சேரும் கிண்ணமான மங்குக்கு வராமல் பட்டை முழுக்கப் பரவி வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தாலோ, மங்கில் இருக்கிற பாலில் தண்ணீர் நிரம்பி எல்லாம் வீண். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் புரட்டாசியிலேயே ரப்பர் விறகு பிளந்து தாழ்வாரத்தில் ஏறும். நெத்திலியும் கருவாடும் டின்னுக்குள் போகும். கடைக்காரரிடம் பழைய பாக்கியில் கொஞ்சம் கட்டி வைப்பார் அம்மா, ஐப்பசியில் மறுபடி கடன் கேட்க முகம் வேண்டுமே! தீபாவளியும் அதே சமயத்தில் வந்து நிற்கும்.

இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. கூரை அவரவர் கூரை. கால்வாய் மட்டும் இன்னும் பொதுதான், அதை நாங்கள் மறந்துவிட்டோம். எல்லாரும் கூரையிலிருந்து தொடங்குவார்கள். நான் லோங்காங்கிலிருந்து, அதாவது அந்தக் கால்வாயிலிருந்து, தொடங்கச் சொல்வேன்.

ஒரு வாளித் தண்ணீரை வீட்டு முன் லோங்காங்கில் ஊற்றி, ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். இலை நகர்ந்தால் சரி. நின்ற இடத்திலேயே சுற்றினால் கீழே ஏதோ இருக்கிறது. எங்கள் வரிசையில் அப்படி நின்ற இடத்தில் மண்வெட்டியை விட்டபோது 'ணங்' என்றது. வீடு புதுப்பித்த யாரோ சிமெண்டு கழுவிய தண்ணீரை அதில் ஊற்றியிருக்கிறார்கள். அது மூன்று விரல் உயரத்துக்குக் கெட்டியாகித் தரையையே உயர்த்திவிட்டது. அதற்கு மேலே உள்ள வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் தேங்கும், காரணம் தெரியாமல் கூரைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். உளி வைத்து உடைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு வழக்கம், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று லோங்காங்கின் மேல் முழுக்கச் சிலாப் போட்டு டைல்ஸ் ஒட்டுவது. பார்க்க அழகுதான். உள்ளே ரம்புத்தான் இலையும் மெகி பாக்கெட்டும் அடைத்துக்கொண்டால் கையை எப்படி விடுவது? மூடித்தான் ஆக வேண்டும் என்றால், தூக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடியாகப் போடுங்கள்.

கூரைக்கு நண்பகலே நல்ல நேரம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் இல்லாமல் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டினால், வெளிச்சம் குத்தூசி மாதிரி இறங்குகிற இடங்கள் தெரியும். தகரக் கூரையில் பெரும்பாலும் ஆணித் தலைகளே குற்றவாளி. ஆணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துப்போயிருக்கும். "அக்கா, பழைய ஓட்டையிலேயே புது ஆணி அடிக்காதீங்க, நிக்காது. கொஞ்சம் பெரிய ஸ்க்ரூவா, வாஷரோட போடுங்க," என்றார் எங்கள் வீட்டுக்கு வந்த கூரை வேலைக்காரத் தம்பி. சொன்னது சரி. கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயில்தான் அதற்கு வீடு கட்டப் பிடிக்கும்.

அதே தகரக் கால்வாய்தான் ஏடிஸ் கொசுவுக்கும் தோது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரியும். ஆகவே தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டித் தட்டு, ஐஸ்பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, பழைய டயர் எல்லாம் வாரம் ஒருமுறை, பத்து நிமிடம். பால் எடுத்த பிறகு மங்கைக் கவிழ்த்து வைப்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம். வெட்டாமல் விட்ட ரப்பர் காடுகளில் மல்லாந்து கிடக்கும் மங்குகள் இன்று கொசுப் பண்ணைகள். வீட்டில் கொசுப்புழு இருப்பது தெரிந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்ட நேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மின்சாரப் பெட்டியைத் திறந்தால் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் வீட்டு மின்சாரம் டக்கென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், ஈரச் சுவரில் மின்சாரம் கசிந்தாலும் அது நிற்காது. உடனே உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். இடி இடிக்கத் தொடங்குமுன் டிவி, வைஃபை பெட்டி இரண்டையும் பிளக்கோடு பிடுங்கிவிடுவது நல்லது. சுவிட்சை அணைத்தால் மட்டும் மின்னலுக்குப் போதாது.

ஈப்போவில் சுண்ணாம்பு மலையடியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. 1973 அக்டோபர் 18-ஆம் தேதி, கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் சேரோவில் பாறை சரிந்து அடிவாரத்து வீடுகளின் மேல் விழுந்ததில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அந்தப் பக்கம் போனால் இன்றும் நிமிர்ந்து மேலே பார்ப்போம். மலையை ஒட்டி வீடு பார்க்கிறவர்கள் வாடகை மலிவா என்று மட்டும் கேட்காதீர்கள். புதிதாக விழுந்த கல் ஏதும் கிடக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

கடைசியில் பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டுப் பட்டா எல்லாவற்றையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்காக அலைந்த தோட்டத்துக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2014 டிசம்பரில் கோலக்கங்சார் பக்கமும் ஆற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. இன்சூரன்சையும் எடுத்துப் படியுங்கள். வீட்டுக்குச் சாதாரணத் தீ பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பணம் கிடைக்காது. கார் பாலிசியிலும் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலமில் கார்கள் மூழ்கிய பிறகுதான் பலருக்கு இது தெரிந்தது. பாலிசித் தாளில் வெள்ளத்தைக் குறிக்கும் 'பஞ்சிர்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏஜெண்டைப் பக்கத்தில் உட்கார வைத்தே தேடுங்கள்.