தனி அடுப்பு, ஒரே வீடு

1890. புனேயில் பஞ்ச ஹௌத் கிறிஸ்தவ மிஷனுக்குப் போன பிரமுகர்களுக்குத் தேநீர் தரப்பட்டது. அவ்வளவுதான். நீதிபதி ரானடே, பால கங்காதர திலகர் உட்படப் பலர் சாதி விலக்கு விவகாரத்தில் சிக்கினார்கள். பிராயச்சித்தம் வரை போனது விஷயம்.

தேநீருக்கே இந்தப் பாடு என்றால் ஞானஸ்நானத்துக்கு? மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் (இவர் வேறு திலக்) 1895 பிப்ரவரியில் பம்பாயில் கிறிஸ்தவரானார். பிராமணக் குடும்பம் அதிர்ந்தது. 11 வயதில் அவருக்கு வாழ்க்கைப்பட்ட லட்சுமிபாய், மகனுடன் உறவினர்களிடமே தங்கிவிட்டார்.

பிரிவு ஏறக்குறைய 5 ஆண்டுகள் நீடித்தது. பிறகு, புனேயிலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ள அகமத்நகரில் (இன்று அகில்யாநகர்) இருவரும் மீண்டும் குடும்பம் நடத்தினார்கள். மனைவி மதம் மாறவில்லை. மாறியாக வேண்டும் என்று கணவர் நிபந்தனை விதிக்கவும் இல்லை. லட்சுமிபாய் தன் ஆசாரப்படி தனியே சமைத்துக்கொண்டார்.

கிறிஸ்தவம் பேசும் சமாதானம் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் உறவைச் சரிசெய்யச் சொல்கிறது இயேசுவின் மலைப் பிரசங்கம். யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. 'ஷாலோம்' என்ற எபிரேயச் சொல்லும் சண்டை ஓய்ந்த நிலையை மட்டும் குறிப்பதல்ல. முழுமை, நலம் என்றும் பொருள்படும். முறிந்த உறவைச் சீராக்குவதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஒப்புரவு'. ஊரோடு இசைந்து உதவி வாழ்வதைப் பேசும் 22ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் சூட்டிய பெயரிலும் இருப்பது இதே சொல்தான்.

சாதி வேற்றுமை மனிதர்கள் உண்டாக்கியது என்ற முடிவுக்கு லட்சுமிபாய் தாமாகவே வந்தார். 1900இல் ஞானஸ்நானம் பெற்றார். 1919இல் கணவர் இறந்தபோது பாதியில் நின்ற 'கிறிஸ்தாயன்' காவியத்தை முடித்தவரும் அவர்தான்.

ஆனால் அவர் எதையும் மறந்துவிடவில்லை. மராத்தியின் தலைசிறந்த சுயசரிதைகளில் ஒன்றான 'ஸ்மிருதிசித்ரே'யில் கணவரின் முன்கோபமும் பிரிவின் வேதனையும் ஒளிவுமறைவின்றி, நகைச்சுவையோடு பதிவாகியிருக்கின்றன. இந்தத் தம்பதி கருத்து ஒன்றான பிறகு சேர்ந்தவர்கள் அல்ல. முதலில் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். மற்றது பிறகு வந்தது.